செவலையும் எங்கள் வீட்டுத் தரையும்

செவலை வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலை, விளக்கேற்றுவதற்காகச் சாமி அறைக்குள் நுழைந்த அம்மாவின் பாதம் ஈரத்தில் பட்டது. குனிந்து முகர்ந்து பார்த்த அம்மா, ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிக் குளியலறைக்குப் போனார். இரண்டாம் முறை தலைக்குக் குளித்து, அறையைக் கழுவி, மஞ்சள் நீர் தெளித்த பிறகுதான் அன்று விளக்கு ஏற்றப்பட்டது. நாய் வளர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். அதன் சுமை முதலில் விழுந்தது 72 வயதான அம்மாவின் மேல்.

அன்று தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதங்கள், பினாங்கின் ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் மாடியில்லாத வரிசை வீட்டில், துடைப்பதும் கழுவுவதும் மறுபடி துடைப்பதுமாகவே பொழுது போனது. இதே துன்பத்தில் இருக்கும் நண்பர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் நாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு பதறியது. ஆகவே நடந்ததை மறைக்காமல், நான் செய்த தவற்றையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

செவலை ஏறத்தாழ இரண்டு வயதுடைய நாட்டு நாய், பெண். கருத்தடை அறுவை செய்யப்பட்டவள். அவள் வாழ்வின் பெரும்பகுதி ஒரு காப்பகத்தின் சிமெண்டுத் தரையில் கழிந்தது. உண்ட இடம், உறங்கிய இடம், சிறுநீர் கழித்த இடம் எல்லாம் அந்த ஒரே சிமெண்டுத் தரைதான். காலையில் ஒருவர் வந்து குழாய்நீர் அடித்துக் கழுவிவிடுவார். இந்த ஒரு செய்திக்குள்தான் எங்கள் சிக்கலின் பாதி விடை இருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது.

முதல் இரண்டு வாரங்கள் நான் அவளைத் திட்டினேன். வேலை முடிந்து வீடு திரும்பியதும் சோபாவின் அருகே ஈரத்தைக் கண்டால், அவளை இழுத்து வந்து அந்த இடத்தைக் காட்டி, சுருட்டிய நாளிதழால் தரையில் ஓங்கி அடித்துக் கத்தினேன். மூக்கை அதிலேயே தேய்த்தால்தான் புத்தி வரும் என்று பட்டர்வொர்த்தில் இருக்கும் பெரிய மாமா சொன்னார். அந்தக் காலத்தில் தோட்டத்து வீடுகளில் அப்படித்தான் பழக்கினார்களாம். ஒரு நாள் நான் அதையும் செய்தேன். அவள் உடம்பு முழுவதும் நடுங்கியது. என் கைக்கு அடியில் அவள் கழுத்து நரம்பு துடித்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அதன் பலன் என்ன என்பதைக் கேளுங்கள். அவள் வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதை நிறுத்தவில்லை; என் கண்முன்னே கழிப்பதைத்தான் நிறுத்தினாள். செருப்பு அடுக்கின் பின்புறம், அரிசித் தொட்டிக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்து, விருந்தினர் அறைக் கட்டிலின் அடி என்று மறைவிடங்களைத் தேடத் தொடங்கினாள். அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் நேர்ந்தது. கழுத்துவார் கட்டி வெளியே அழைத்துப் போனால், நாற்பது நிமிடம் நடந்தாலும் ஒரு சொட்டுக்கூட விடமாட்டாள். வீட்டுக்குள் நுழைந்து நான் சமையலறைப் பக்கம் திரும்பிய மறுகணம் தரை நனைந்திருக்கும். பிடிவாதம், பழிவாங்குகிறாள் என்றெல்லாம் நான் நினைத்தேன். உண்மையில், மனிதர் அருகில் இருக்கும்போது சிறுநீர் கழித்தால் ஆபத்து என்று அவளுக்கு நானே பாடம் நடத்தியிருந்தேன். வெளியே வாரின் மறுமுனையில் நான்தானே நின்றுகொண்டிருந்தேன்?

நாய் தான் செய்த செயலையும் அதன் விளைவையும் ஓரிரு வினாடிகளுக்குள் நடந்தால்தான் இணைத்துப் புரிந்துகொள்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து வந்து நாம் காட்டும் கோபம், அதன் கணக்கில், வாசல் திறந்ததற்குக் கிடைத்த தண்டனை. காதை மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகி, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும் அந்த முகத்தைக் குற்ற உணர்ச்சி என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அது நம்முடைய குரலையும் உடல்மொழியையும் கண்டு பயந்து, “என்னை விட்டுவிடு” என்று கெஞ்சுகிற முகம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் சமையலறைக் கதவில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு, அதற்குச் சற்று முன்பு என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை அம்மாவும் நானும் மாறி மாறி எழுதினோம். அம்மாவின் கையெழுத்தில் “காலை 10.20, பின்கதவுப் பக்கம், ஒரு கரண்டி அளவு, தூங்கி எழுந்தாள்” என்பது போன்ற குறிப்புகள் நிறைய உண்டு. ஐந்து நாள் எழுதிய பிறகு கூட்டிப் பார்த்தால், ஒரு நாளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு முறை வந்தது. வளர்ந்த நாய் வழக்கமாக மூன்று முதல் ஐந்து முறைதான் சிறுநீர் கழிக்கும். அதோடு, பெரும்பாலான குறிப்புகளில் அளவு மிகக் குறைவாக இருந்தது; குந்தி எழுந்த பிறகு மறுபடி குந்தியதாகவும், பின்பக்கத்தை ஓயாமல் நக்கிக்கொண்டிருந்ததாகவும் அம்மா எழுதியிருந்தார். பழக்கத்தைச் சரிசெய்வதற்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும் என்பது அந்த நோட்டுப் புத்தகம் காட்டிய வழி.

கால்நடை மருத்துவரிடம் தொலைபேசியில் பேசியபோது, காலையில் கழிக்கும் முதல் சிறுநீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவரச் சொன்னார். தாமதமானால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நீண்ட பிடியுள்ள எவர்சில்வர் கரண்டி ஒன்றை வெந்நீரில் கழுவி உலர்த்தி வைத்துக்கொண்டேன். விடியற்காலை ஆறரை மணிக்கு, அவள் குந்தும் வரை பொறுத்திருந்து, ஓரிரு நொடி விட்டுப் பின்பக்கமாகக் கரண்டியை மெதுவாக நீட்டினேன். கிடைத்தது இரண்டு தேக்கரண்டி அளவுதான். கலங்கலாக, சற்றே இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த நிறத்தைப் பார்த்ததும், இத்தனை நாள் வலியோடு இருந்தவளையா இப்படித் திட்டினோம் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிறுநீர்ப்பையில் கிருமித்தொற்று. பெண் நாய்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் கிருமி எளிதில் மேலே ஏறிவிடுகிறது என்று டாக்டரம்மா விளக்கினார். கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை கொடுத்தார். அடங்கிவிட்டதே என்று பாதியில் நிறுத்தக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார். அவள் குடிக்கும் தண்ணீரையும் அளந்து பார்க்கச் சொன்னார். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லிலிட்டர் வரை ஒரு நாளைக்குக் குடிப்பது இயல்பு. 100 மில்லிலிட்டரைத் தாண்டினால் நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு போன்றவற்றைச் சோதிக்க வேண்டும். செவலையின் எடை 14 கிலோ. அவள் எண்ணூறு மில்லிலிட்டருக்கு மேல் குடிக்கவில்லை என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. ஈரம் படாமல் இருக்கட்டும் என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்துவைப்பவர்கள் உண்டு. நம் ஊர் வெக்கையில் அது கொடுமை. தொற்று உள்ள நாய்க்கு அது இன்னும் கேடு செய்யும்.

மாத்திரை முடிந்ததும் எண்ணிக்கை நான்காகக் குறைந்தது. ஆனால் அந்த நான்கும் வீட்டுக்குள்ளேயே நடந்தன. இனிமேல்தான் பழக்கத்தின் வேலை.

முதலில் வாடையைத் தீர்க்க வேண்டியிருந்தது. நாங்கள் தினமும் துடைத்தோம், பினாயில் போட்டோம், எங்கள் மூக்குக்கு வீடு மணத்தது. ஆனால் நாயின் மூக்குக்கு எங்கள் மூக்கு ஈடாகாது. புற ஊதாக் கைவிளக்கு ஒன்று வாங்கி வந்து, ஒரு நாள் இரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, அம்மாவும் நானும் தரையோரமாக அடித்துப் பார்த்தோம். காய்ந்த சிறுநீர் அந்த ஒளியில் வெளிர்மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒளிர்கிறது. சோபாவின் நான்கு கால்களும் ஒளிர்ந்தன. ஓடுகளுக்கு இடையே உள்ள சிமெண்டு இணைப்புகள் கோடு கோடாக ஒளிர்ந்தன. சாமி அறைத் திரைச்சீலையின் கீழ்விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு திட்டு தெரிந்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் அந்தத் திரையை எடுத்துவிட்டு, சாமி அறைக்கு ஒரு சிறு மரக்கதவு போட ஆள் வரச்சொன்னோம்.

சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாத படிகமாகத் தங்கிவிடுகிறது. காற்றில் ஈரம் ஏறும்போது அதன் வாடை திரும்ப எழும்புகிறது. பினாங்கில் காற்றில் ஈரம் இல்லாத நாள் ஏது? நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவம்தான் அந்தப் படிகத்தைச் சிதைக்கக்கூடியது. அதையும் தெளித்தவுடன் துடைத்துவிடக் கூடாது. இணைப்புகளுக்குள் இறங்கும்படி நிறைய ஊற்றி, புட்டியில் குறித்துள்ள நேரம் வரை ஊறவிட்டு, தானாகக் காயவிட வேண்டும். அமோனியா கலந்த தரைத் திரவங்களின் வாடை சிறுநீரின் வாடையை ஒத்திருப்பதால், அவை நாயை அதே இடத்துக்கு மறுபடி அழைப்பவை. ப்ளீச் ஊற்றுவது அதைவிட ஆபத்து. சிறுநீரில் உண்டாகும் அமோனியாவோடு அது சேரும்போது மூச்சை அடைக்கும் நச்சுவாயு கிளம்பும். அடைத்த குளியலறையில் இப்படிச் செய்ய வேண்டாம் என்று வயதானவர்கள் இருக்கும் வீட்டாரைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கையுறை போடுவதையும் மறக்கக் கூடாது. எலி உலவும் நம் ஊர்களில் எலிக்காய்ச்சல் கிருமி நாய்க்கும் தொற்றும், அதன் சிறுநீர் வழியே மனிதருக்கும் பரவும். அதற்கான தடுப்பூசியைச் செவலைக்கு ஆண்டுதோறும் போடுகிறோம்.

அடுத்தது சிமெண்டுத் தரை. குட்டிப் பருவத்தில் எந்தத் தரையில் சிறுநீர் கழித்துப் பழகுகிறதோ அந்தத் தரையின் தொடுவுணர்வையே நாயின் பாதம் தேடும். செவலைக்குச் சிமெண்டும் ஓடும் கழிப்பிடம். புல்லும் மண்ணும் அவள் முன்பின் மிதித்தறியாத புதுப்பொருள். எங்கள் வீட்டின் பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்கிற, பத்தடி நீளமுள்ள ஒரு மண்துண்டு உண்டு. அங்கே ஒரு பழைய சிமெண்டுப் பலகையைப் போட்டு, வீட்டுக்குள் அவள் சிறுநீரை ஒற்றி எடுத்த நாளிதழை அதன்மேல் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தேன். அங்கே அவளை அழைத்துப் போய், வாரை நீளமாக விட்டு, நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். பார்க்கவில்லை, பேசவில்லை, கைபேசியையும் எடுக்கவில்லை. நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு முன்பு, எனக்குப் பின்னால் நாளிதழில் சொட்டும் ஒலி கேட்டது. அந்த ஒலி முடியும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். முடிந்தவுடன் திரும்பிக் குந்தி, வேகவைத்த கோழித்துண்டு ஒன்றை அவள் வாயருகே நீட்டினேன். அவள் பின்வாங்கினாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகுதான் எடுத்துக்கொண்டாள்.

பரிசை அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்து அலமாரியைத் திறந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குத்தான் பரிசு என்று நாய் எடுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கவிச்சி சமைப்பதில்லை என்பதால், அன்றைக்கு அம்மா பூசணித் துண்டுகளை உப்பில்லாமல் அவித்து டப்பாவில் போட்டு வைப்பார். அதையும் அவள் அதே ஆவலோடு தின்றாள். சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம். நான் “ஒண்ணுக்குப் போம்மா” என்பேன், அம்மா “ஒண்ணுக்குப் போடி தங்கம்” என்பார். அவளுக்கு ‘ஒண்ணுக்கு’ என்ற சொல் போதுமானதாக இருந்தது. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட கால்மணி நேரத்தில், விளையாடி முடித்ததும், படுக்கப் போகுமுன் என்று நேரம் தவறாமல் பின்கதவைத் திறந்தோம். மற்ற நேரங்களில் அவள் கூடத்தை விட்டுப் போகாதபடி, குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்பு ஒன்றை வைத்தோம். கண்ணெதிரே தரையை முகர்ந்துகொண்டு சுற்றினால், கத்தாமல், கைதட்டாமல், “வா, வா” என்று அழைத்தபடி பின்பக்கம் போவோம். முடிந்த பிறகு கண்டால் துடைப்பதோடு சரி. நாளிதழை வாரம் ஒரு முறை சிறிது சிறிதாகக் கிழித்துச் சுருக்கினேன், பலகையின்மேல் மண்ணைத் தூவிக்கொண்டே வந்தேன். ஏழாவது வாரத்தில் அவள் மண்ணிலேயே குந்தினாள்.

முன்பக்கத்துப் புல்தரையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அடுத்த வீட்டில் இருப்பவர் ஒரு மலாய் மூதாட்டி; மக்சிக் என்றே நாங்கள் அழைப்போம். அவர் பேரன் அந்தப் புல்லில்தான் மிதிவண்டி பழகுகிறான். மலாய்க்காரர்கள் பின்பற்றும் ஷாஃபி நெறிப்படி, நாயின் ஈரம் பட்டதை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். மக்சிக் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் ஓர் அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் நாம் செய்ய வேண்டும் என்று காத்திருப்பது அழகன்று. கார் நிறுத்தும் இடத்தைக் கழுவும் நீரும் அவர் வாசல் பக்கம் ஓடாதபடி பார்த்துக்கொள்கிறோம்.

இடையில் இரண்டு சறுக்கல்கள் வந்தன. செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் மழை பிடித்துக்கொண்டால் விடாது. தகரக் கூரையில் மழை இரையும் ஓசைக்குப் பயந்து செவலை பின்கதவோடு ஒட்டிக்கொண்டாள். அந்த மண்துண்டுக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டி, அம்மா குடை பிடித்துக்கொண்டு அருகில் நிற்கத் தொடங்கிய பிறகு அது தீர்ந்தது. மற்றொன்று, சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு. மறுநாள் ஹொக்கியான் சீனர்கள் வானுலக அரசராக வணங்கும் ‘தி கோங்’கின் திருநாள் என்பதால், நள்ளிரவில் பினாங்கே வெடியால் அதிரும். அவள் கட்டிலடியில் நனைத்துவிட்டுக் கிடந்தாள். அதைப் பழக்கம் கெட்டுவிட்டதாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஆண்டு தீபாவளிக்கு, வெடி தொடங்கும் முன்பே மாலையில் அவளை நடக்க அழைத்துப் போய் வந்து, சன்னல்களை அடைத்து, மின்விசிறியை வேகமாக வைத்து, நடு அறையில் அவளோடு நான் படுத்துக்கொண்டேன்.

பெரிய மாமா வந்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். அவர் அன்போடுதான் குனிந்து அவள் தலையைத் தடவப் போனார். அவள் அப்படியே தாழ்ந்து, மல்லாந்து, சிறுநீரை விட்டுவிட்டாள். பணிந்து போகிற நாய் தன்னை அறியாமல் செய்வது இது. திட்டத் திட்டக் கூடுமே தவிரக் குறையாது. மாமாவை நாற்காலியில் பக்கவாட்டாகத் திரும்பி உட்காரச் சொல்லி, அவளைப் பார்க்காமல் கையை மட்டும் தொங்கவிடச் சொன்னேன். கால்மணி நேரத்தில் அவளே போய் அந்தக் கையை முகர்ந்தாள். மூக்கைத் தேய்க்கச் சொன்ன மாமா அன்று வெகுநேரம் பேசவில்லை. போகும்போது, “பாவம், பயந்த சுபாவம்” என்று மட்டும் சொன்னார்.

குட்டி வளர்ப்போருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. அதை எட்டு மணி நேரம் அடைத்து வைத்துவிட்டுக் குறை சொல்வது நியாயமன்று. பதினாறு வாரத் தடுப்பூசிகள் முடியும் முன்பு, மற்ற நாய்கள் நடமாடும் பொதுத்தரையில் விடவும் கூடாது, பார்வோ என்ற தொற்றுநோய் குட்டியைக் கொன்றுவிடக்கூடும். கோலாலம்பூரில், செந்தூலில், பதினான்காவது மாடியில் இருக்கும் என் தோழி, பலகணியில் உண்மையான புல் பதித்த தட்டு வைத்துத் தன் குட்டியைப் பழக்கினாள். கதவோரக் கால்மிதியும் குட்டி சிறுநீர் கழிப்பதற்கென விரிக்கும் பஞ்சுத்தாளும் நாயின் பாதத்துக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் கால்மிதிகளையெல்லாம் எடுத்துவிட்டாள்.

நோட்டுப் புத்தகம் இன்னும் கதவில் தொங்குகிறது. கடைசியாக வீட்டுக்குள் நடந்ததாக அதில் இருப்பது அந்த வெடி இரவுதான். ஆனால் டாக்டரம்மா ஒன்றை எச்சரித்திருக்கிறார்: கருத்தடை செய்த பெண் நாய்களில் சிலவற்றுக்குப் பல ஆண்டுகள் கழித்துக்கூடச் சிறுநீர்வாய்த் தசை தளர்ந்து, உறங்கும்போது தானாகக் கசியலாம், மருந்துண்டு, ஆனால் முதலில் நாம் கவனிக்க வேண்டும். அதனால் அம்மா காலையில் குளித்துவிட்டுச் சாமி அறைக்குப் போகுமுன், செவலையைப் பின்பக்கம் அனுப்பிவிட்டு, அவள் படுத்திருந்த பழைய கைலித் துணியை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு விளக்கேற்றப் போகிறார்.